சைக்கிளுக்குப் பின்னுக்கு ஒரு சிவப்பு லைட்

"சேர், நாம முன்னுக்குத்தானே பாத்து ஓடுற? பின்னுக்கு எதுக்கு லைட்?"

தரம் 9 பிள்ளை ஒன்று வகுப்பில் கேட்டது. மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். ஆனால் இதே விடயத்துக்காக இங்கிலாந்தில் பெரியவர்களே வருடக்கணக்கில் வாதாடியிருக்கிறார்கள்.

அங்கே 1927இல் வந்த சட்டம், இரவில் ஓடும் வாகனங்களுக்குப் பின்னால் சிவப்பு விளக்கு வேண்டும் என்றது. சைக்கிளுக்கு மட்டும் ஒரு சலுகை இருந்தது. விளக்குக்குப் பதிலாக, வெளிச்சம் பட்டால் மின்னும் சிவப்பு ரிஃப்ளெக்டர் போதும்.

விளக்கைக் கட்டாயமாக்குவதை சைக்கிளிஸ்ட்ஸ் டூரிங் கிளப் என்ற பெரிய சங்கம் கடுமையாக எதிர்த்தது. அவர்களுடைய நியாயம் இதுதான்: முன்னால் போகிறவனைப் பார்த்து ஓட்டுவது பின்னால் வருகிறவனின் கடமை. விளக்கைக் கட்டாயமாக்கினால் அந்தப் பொறுப்பு சைக்கிள்காரன் தலையில் விழும். அதோடு, பின்விளக்கு அணைந்தாலும் ஓட்டுபவனுக்குத் தெரியாது.

பேச்சளவில் நல்ல நியாயம். ஆனால் யுத்தம் வந்தது.

1939 செப்டெம்பர் 1ஆம் திகதி முதல், விமானத் தாக்குதலுக்குப் பயந்து நாடு முழுக்க விளக்குகள் அணைக்கப்பட்டன. வாகனங்களின் முன்விளக்குகளையும் மூடிக் கட்டினார்கள். அந்த மாத வீதி மரணங்கள், முந்திய வருட செப்டெம்பரைவிட ஏறத்தாழ இருமடங்கு. வீதியோரக் கற்களுக்கு வெள்ளை பூசினார்கள். 1940 பெப்ரவரியில் இரவு வேகத்தை மணிக்கு 20 மைலாகக் குறைத்தார்கள். பெற்றோல் பங்கீட்டால் வாகனங்களும் குறைந்திருந்தன. அப்படியிருந்தும் 1941இல் வீதியில் இறந்தவர்கள் 9,169 பேர். பிரித்தானியாவில் ஒரு வருடத்தில் இதைவிடக் கூடுதலாக இன்றுவரை இறந்ததில்லை.

அந்த இருட்டில் யாருடைய கடமை என்ற வாதம் எடுபடவில்லை. போர்க்கால விதிகள் சைக்கிளுக்கும் பின்விளக்கைக் கட்டாயமாக்கின. 1945இல் அது நிரந்தரச் சட்டமாகியது.

அந்தப் பிள்ளைக்கு நான் சொன்ன பதில்: முன்லைட் நாம பார்க்க, பின்லைட் நம்மைப் பார்க்க.

நம் ஊரிலும் இரவு டியூஷன் முடிந்து பிள்ளைகள் சைக்கிளில் வருகிறார்கள். சுபஹுக்கு இருட்டோடு பெரியவர்கள் போகிறார்கள். நெல் ஏற்றிய உழவு இயந்திரப் பெட்டிகள் பின்னுக்கு ஒரு பொட்டு வெளிச்சமும் இல்லாமல் பிரதான வீதியில் ஏறுகின்றன. மோதியவனில்தான் பிழை என்று பிறகு பொலிஸில் நிரூபிக்கலாம். போன உயிர் வராது.

அந்தச் சங்கம் சொன்னதில் ஒன்று இன்றும் உண்மை: பின்லைட் எரியாவிட்டால் ஓட்டுபவருக்குத் தெரியாது. அதனால் இன்று மஃரிபுக்குப் பிறகு உங்கள் வாகனத்தின் பின்னுக்குப் போய் ஒரு தடவை பாருங்கள். பிள்ளையின் சைக்கிளையும் சேர்த்து.