மல்கோவாலில் திறந்த புட்டி

1902 அக்டோபர் 30 அன்று பஞ்சாபின் மல்கோவால் கிராமத்தில் பிளேக் தடுப்பூசி முகாம் நடந்தது. ஐந்து புட்டி மருந்து, 107 பேருக்கு ஊசி. நான்கு புட்டிகளால் யாருக்கும் எந்தக் கேடும் இல்லை. '53 என்' என்று எண்ணிட்ட ஐந்தாவது புட்டியிலிருந்து ஊசி போட்டுக்கொண்ட 19 பேருக்குச் சில நாளில் தாடை இறுகியது. ரணஜன்னி (டெட்டனஸ்). ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

புட்டிகள் வந்தது பம்பாய் பரேலில் இருந்த பிளேக் ஆய்வுக்கூடத்திலிருந்து. அதை நடத்தியவர் வால்டெமர் ஹாஃப்கின். ஒடெசாவில் பிறந்த யூதர், பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றியவர். 1897 ஜனவரியில் தன் பிளேக் மருந்தை முதலில் தன் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டவர். பஞ்சாபிலிருந்து லட்சக்கணக்கில் மருந்து கேட்கவே, வேகம் கருதித் தயாரிப்பு முறையை மாற்றியிருந்தார். வழக்கமாகச் சேர்க்கும் கார்பாலிக் அமிலத்தை விட்டுவிட்டு, கிருமியைக் கொல்லச் சூட்டை மட்டும் நம்பினார். விசாரணைக் கமிஷனுக்கு அந்த ஒரு மாற்றம் போதுமானதாக இருந்தது. திறக்கும் முன்பே புட்டிக்குள் கிருமி இருந்தது என்று முடிவு கட்டினார்கள். ஹாஃப்கினின் பதவி போயிற்று.

முகாமில் நடந்ததைக் கமிஷன் இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்த்திருக்கலாம். தக்கையைப் பிடுங்க எடுத்த இடுக்கி உதவியாளரின் கை நழுவித் தரையில் விழுந்தது. அவர் அதை எடுத்து, கார்பாலிக் கரைசலில் ஒரு அலசு அலசிவிட்டு, அதைக் கொண்டே புட்டியைத் திறந்தார். கால்நடை நடமாடும் மண்ணில் ரணஜன்னிக் கிருமியின் ஸ்போர் (எளிதில் சாகாத வித்து) இருப்பது சகஜம். கார்பாலிக்கில் சற்றே நனைத்ததால் அது சாகாது. இடுக்கியைத் தீயில் காட்டியிருக்க வேண்டும்.

இன்னொரு தடயத்தைச் சொன்னது முகாமில் ஊசி போட்ட மருத்துவரின் மூக்கு. ரணஜன்னிக் கிருமி வாரக்கணக்கில் வளர்ந்த திரவம் நாறும். 53 என் புட்டியைத் திறந்தபோது அப்படி எந்த நாற்றமும் வரவில்லை. மலேரியா ஆய்வுக்காக நோபல் பெற்ற ரொனால்ட் ராஸும் அவரோடு சேர்ந்த விஞ்ஞானிகளும் 1907இல் லண்டன் டைம்ஸில் இதையெல்லாம் எடுத்துவைத்து வாதாடினார்கள். அந்த ஆண்டே ஹாஃப்கின் மீதான பழி நீங்கியது. பரேல் கூடத்துக்கு அவர் பெயரைச் சூட்ட 1925 ஆயிற்று.

மருந்திலிருந்து கிருமியை நீக்குவது ஒரு வேலை. அதைத் திறந்து, உறிஞ்சி, கலந்து, நோயாளிக்கு ஏற்றி முடிக்கும்வரை புதிதாக எதுவும் சேராமல் காப்பது வேறு வேலை. இரண்டாவதன் அபாயத்தைக் குறைக்கும் ஒரு வழி அப்போதே இருந்தது. பாரிஸ் மருந்தாளர் ஸ்டானிஸ்லாஸ் லிமூசின் 1886இல் ஆம்பூலைக் கொண்டுவந்திருந்தார்: ஒரு வேளைக்கான மருந்து, வாயை உருக்கி மூடிய கண்ணாடி, பிடுங்கத் தக்கையே கிடையாது. கூட்டம் கூட்டமாக ஊசி போடும் முகாம்களுக்கோ பலருக்கும் பொதுவான தக்கைப் புட்டிகளே போய்க்கொண்டிருந்தன.

முதல் வேலையே கோட்டைவிடப்பட்ட கதை இங்கிலாந்தினுடையது. 1972 மார்ச்சில் பிளிமத் நகரின் டெவன்போர்ட் மருத்துவமனையில் அறுவைக்குப் பின் குளுக்கோஸ் ஏற்றப்பட்டவர்கள் திடீரெனச் சரிந்தார்கள். ஐந்து பேர் இறந்தார்கள். கிளாத்தியர் தலைமையிலான விசாரணைக் குழு, குளுக்கோஸ் தயாரித்த தொழிற்சாலையின் ஆட்டோகிளேவ் (நீராவியால் கிருமியைக் கொல்லும் கலன்) வரை தேடிப்போனது. முந்தைய ஆண்டு ஏப்ரலில் ஒரு நாள், உள்ளே இருந்த காற்று வெளியேறாமல் அடியில் தங்கிவிட்டது. கீழ்த்தட்டுப் பாட்டில்களுக்குப் போதிய சூடு எட்டவில்லை. வெப்பப் பதிவுக் கருவி இதைச் சரியாகவே காட்டியது. ஆட்கள் அந்தக் கருவிதான் பழுது என்று எண்ணி, வேறு மானிகளைப் பார்த்து வேலையை முடித்துவிட்டார்கள். அந்தப் பாட்டில்களை வார்டில் யார் எவ்வளவு சுத்தமாகத் திறந்திருந்தாலும் பயன் இருந்திருக்காது.

அந்த நாட்டில் வார்டுகளுக்கும் பழைய பழக்கம் ஒன்று இருந்தது. ஏற்றும் பாட்டிலுக்குள் வேறு மருந்துகளைக் கட்டிலருகிலேயே செவிலியர்களும் இளம் மருத்துவர்களும் கலப்பார்கள். கூடியவரை இந்தக் கலவை வேலை மருந்தகத்துக்குப் போகட்டும் என்று 1976இல் பிரெக்கன்ரிட்ஜ் குழு பரிந்துரைத்தது.