பெயர் எழுதப்படாத மெட்டு

பாட்டு வகுப்பில் நாம் பாடிய 'டானி போய்' பாடலின் மெட்டு, அதன் சொற்களைவிட மூத்தது. பிரெட் வெதர்லி 1910இல் எழுதிய வரிகளை, சகோதரரின் மனைவி அமெரிக்காவிலிருந்து அனுப்பிய இந்த மெட்டில் பின்னர் பொருத்தினார். 1913இல் பாடல் வெளியானது.

மெட்டை எழுதிக் காத்தவரும் ஒரு பெண்ணே. அயர்லாந்தின் வடக்கே லிமவாடி ஊரைச் சேர்ந்த ஜேன் ரோஸ் கொடுத்ததை, ஜோர்ஜ் பெற்றி 1855இல் தமது தொகுப்பில் அச்சிட்டார். மெட்டின் பெயரும் அதில் இல்லை, வாசித்தவர் பெயரும் இல்லை. 'லண்டன்டெரி எயர்' என்பது மாவட்டத்தை வைத்துப் பின்னர் வந்த பெயர்.

அயர்லாந்து மெட்டுகளின் வழமையான அமைப்பு இதில் இல்லாததால் ஐயமும் எழுந்தது. வாசித்தவர் இழுத்து வாசித்ததால், மூன்று தட்டு மெட்டை ரோஸ் நான்கு தட்டாக எழுதியிருக்கலாம் என்றார் ஆய்வாளர் ஆன் கில்கிறிஸ்ற், 1934இல். எட்வேட் பண்டிங் 1796இல் வெளியிட்ட 'இளைஞனின் கனவு' மெட்டே இதன் மூத்த வடிவம் என்போரும் உளர்.

வாசித்தவர் பெயரை அன்றே குறித்திருந்தால் இத்தனை தேடல் வேண்டியதில்லை. இம்மலருக்குப் படங்கள் திரட்டிய நாமும் பெயரில்லா முகங்கள் பலவற்றைக் கண்டோம். அடையாளம் தெரிந்த சகோதரிகளே, இப்போதே எழுதி அனுப்புங்கள்.