டிரைப் துரையின் வானம்

நம் மெக்கானிக்கல் நண்பர்கள் நாலு பேர் போன வருஷம் தஞ்சாவூர் போயிருந்தோம். பெரிய கோயிலை நான் மட்டும் பழைய ஃபிலிம் காமிராவில் எடுத்தேன். வீட்டுக் குளியலறையில்தான் கழுவினேன். கோபுரம் அருமையாக வந்தது. ஆனால் வானத்தில், ஃபிலிம் ஓரத்து ஓட்டை ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரு வெளிர்க்கோடு! "என்னடா, கோயில் மேல சீப்பு வச்ச மாதிரி இருக்கு" என்றான் என் பழைய ஹாஸ்டல் அறைத்தோழன்.

காரணம் என் அவசரம். தண்ணீர் 30 டிகிரி இருந்ததால் டெவலப்பர் நேரத்தை 4 நிமிஷமாகக் குறைத்து, டாங்கை மருந்து பாட்டில் போலக் குலுக்கினேன். ஓட்டை வழியே திரவம் வேகமாகப் பாய்ந்த இடமெல்லாம் நெகட்டிவ் கூடுதலாகக் கறுத்துவிட்டது. சிற்பம், மரம் இருக்கும் இடத்தில் இது கண்ணில் படாது. வானம் காட்டிக்கொடுத்துவிடும்.

இதே கோயிலில் இதே வானத்தோடு 1858-ல் மல்லாடியவர் ஒருவர் உண்டு. காப்டன் லின்னேயஸ் டிரைப். 1856-ல் சென்னை மாகாண அரசின் போட்டோகிராபராக நியமிக்கப்பட்டவர். அன்று ஃபிலிம் ஏது? மெழுகேற்றிய காகிதம்தான் நெகட்டிவ். பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே 1851-ல் வெளியிட்ட முறை. அந்தக் காகிதம் நீல ஒளியைத்தான் அதிகம் வாங்கும். கோபுரம் பதிவதற்குள் வானம் அளவுக்கு மீறிப் பதிந்து, பிரிண்டில் வெறும் வெள்ளையாகிவிடும். டிரைப் என்ன செய்தார் தெரியுமா? நெகட்டிவிலேயே வண்ணம் தீட்டி மேகம் வரைந்தார்! ஏமாற்று வேலை என்று சிலர் சொல்லலாம். மெஷினில் வந்த குறையை அரம் போட்டுச் சரி செய்த நமக்கு அப்படிச் சொல்ல வாய் வருமா?

ஆனாலும் அவருடைய பெரிய சாதனை வானமே இல்லாத படம்தான். பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளை வரிசையாக எடுத்து, 21 பிரிண்டுகளை ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். ஒன்று கறுத்து அடுத்தது வெளுத்தால் ஒட்டு பல்லிளிக்கும். அதாவது 21 தடவையும் ஒரே பதம் வரவேண்டும். எனக்கு ஒரே சுருளில் வரவில்லை!

1859-ல் கவர்னராக வந்த சார்ல்ஸ் ட்ரெவெல்யன், இதெல்லாம் வீண் செலவு என்று நிறுத்தச் சொல்லிவிட்டார். 1860-ல் எல்லாம் மூட்டை கட்டியாயிற்று. டிரைப் 1902 வரை வாழ்ந்தார். அதன் பிறகு அவர் காமிராவைத் தொட்டது மிகக் குறைவு. எனக்கு இதுதான் ஆறவில்லை.

அடுத்த சுருளுக்கு ஐஸ் வைத்துத் தண்ணீரை 20 டிகிரிக்கு இறக்கினேன். நேரத்தைக் கூட்டி, நிமிஷத்துக்கு நாலு முறை மட்டும் டாங்கை மெதுவாகக் கவிழ்த்தேன். சீப்பு போய்விட்டது. சந்திப்புக்கு இரண்டு படத்தையும் கொண்டுவருகிறேன்.