ஏரியா நல்கை (ஆர்15)

அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் (என்.ஐ.எச்.), பெரிய ஆய்வுப் பல்கலைக்கழகங்கள் அல்லாத கல்வி நிலையங்களின் உயிர்மருத்துவ ஆய்வுக்கு வழங்கும் நிதி. முழுப்பெயர் கல்விசார் ஆய்வு மேம்பாட்டு நல்கை. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் சேர்ந்து ‘ஏரியா’ ஆயின. ‘ஆர்15’ என்பது நிர்வாகக் குறியீடு. 1985இல் தொடங்கிய இதன் நோக்கங்கள் மூன்று: தகுதியுள்ள ஆய்வை ஆதரிப்பது, மாணவர்களை ஆய்வில் ஈடுபடுத்துவது, கல்லூரியின் ஆய்வுச் சூழலை வலுப்படுத்துவது.

முன்வரலாறு

மாணவர் கை பட்ட கண்டுபிடிப்புகள் நல்கைகளைவிட மூத்தவை. 1916இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் படித்துக்கொண்டிருந்த மருத்துவ மாணவர் ஜே மக்லீன், இரத்தம் உறைவதைத் தடுக்கும் பொருள் ஒன்றைக் கல்லீரலிலிருந்து பிரித்தார். இரத்த உறைவுத் தடுப்பு மருந்தான ஹெப்பரினைக் கண்டுபிடித்த பெருமை அவருக்குரியதா, அவருடைய பேராசிரியர் வில்லியம் ஹோவெலுக்குரியதா என்பதில் வரலாற்றாசிரியர்கள் ஒருமிக்கவில்லை.

1957இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியது. மறு ஆண்டே அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை (என்.எஸ்.எஃப்.) இளநிலை மாணவர் ஆய்வுப் பங்கேற்புத் திட்டத்தைத் தொடங்கியது. 1972இல் என்.ஐ.எச். சிறுபான்மையினர் பயிலும் கல்லூரிகளுக்கென ஓர் உயிர்மருத்துவத் திட்டத்தைக் கொண்டுவந்தது. அறக்கட்டளையின் திட்டம் 1980களின் தொடக்கத்தில், ரீகன் அரசின் செலவுக் குறைப்பில் நின்றுபோனது.

1985ஐ ஒட்டிய ஆண்டுகள்

சிறு கல்லூரிகளின் ஆசிரியர்கள் ஏற்கெனவே ஒன்றுதிரண்டிருந்தனர். 1978இல் தனியார் கல்லூரிகளின் வேதியியலாளர்கள் இளநிலை ஆய்வு மன்றத்தை நிறுவினர். 1985 ஜூனில் ஒஹாயோ மாநிலத்தின் ஓபர்லின் கல்லூரியில் ஏறத்தாழ 50 கல்லூரிகளின் சார்பில் மாநாடு கூடியது. அங்கே வைக்கப்பட்ட வாதம் எளிமையானது: இக்கல்லூரிகளில் மாணவர் தொகை சிறிது, ஆனால் இங்கே படித்தோரில் பின்னாளில் அறிவியலில் முனைவர் பட்டம் பெறுவோர் விகிதம் பெரிது.

அமெரிக்க நாடாளுமன்றத்தின் கவலையும் இதையொட்டியதே. நாட்டின் அறிவியலாளர்களில் கணிசமானோருக்கு முதற்பட்டம் தந்த கல்லூரிகள் என்.ஐ.எச். நிதியில் சிறு பங்கையே பெற்றன. பெரும்பகுதி சில ஆய்வுப் பல்கலைக்கழகங்களுக்கே சென்றது. 1985 நிதியாண்டிலிருந்து ஏரியா நல்கைக்கெனத் தனித்தொகை ஒதுக்கப்பட்டது. 1986இல் இயற்பியலாளர் ஹோமர் நீல் தலைமையிலான குழு இளநிலை அறிவியல் கல்விக்குக் கூடுதல் நிதி கோரி அறிக்கை தந்தது. 1987இல் என்.எஸ்.எஃப். மாணவர் ஆய்வுத் திட்டத்தைப் புதுவடிவில் மீட்டது. 1988இல் ஹோவர்ட் ஹியூஸ் மருத்துவ நிறுவனமும் கல்லூரிகளுக்கு நிதி தரத் தொடங்கியது.

இக்கல்லூரிகளின் தரத்துக்கு இருவர் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகின்றனர். இருவரும் ஏரியா நல்கைக்கு முந்தியவர்கள். 1989இல் வேதியியல் நோபல் பெற்ற தாமஸ் செக், அயோவாவின் கிரினெல் கல்லூரியில் 1970இல் பட்டம் பெற்றவர். பட்டதாரி எண்ணிக்கையோடு ஒப்பிட்டால், இவ்வகைக் கல்லூரிகள் பொதுச் சராசரியைப் போல ஏறத்தாழ இரு மடங்கு அறிவியல் முனைவர்களைத் தருகின்றன என்று அவர் 1999இல் எழுதினார். 2020இல் நோபல் பெற்ற ஜெனிஃபர் டௌட்னா, கலிபோர்னியாவின் பொமோனா கல்லூரியில் பேராசிரியர் ஷேரன் பனசென்கோவின் ஆய்வகத்தில் பாக்டீரியாக்களை வளர்த்து ஆய்வு பழகியவர்.

அமைப்பு

நல்கை மாணவருக்கு நேரே போவதில்லை. ஆசிரியரின் ஆய்வுத் திட்டத்துக்காகக் கல்லூரிக்கு வருகிறது. மாணவர் ஊதியம், வேதிப்பொருள், கருவி ஆகிய செலவுகள் அதில் அடங்கும். விண்ணப்பம் மற்ற ஆய்வு நல்கைகளைப் போலவே துறை வல்லுநர் மதிப்பீட்டுக்கு உட்படுகிறது. வேறொரு என்.ஐ.எச். ஆய்வு நல்கையின் முதன்மை ஆய்வாளராக இருப்பவர் அதே காலத்தில் இதைப் பெற இயலாது.

2010ஐ ஒட்டி, நேரடிச் செலவுக்கான உச்சவரம்பு 1,50,000 டாலரிலிருந்து 3,00,000 டாலராக உயர்ந்தது. இது அதிகபட்சம் மூன்றாண்டு முழுமைக்குமான தொகை. என்.ஐ.எச்.இன் முதன்மை நல்கையான ஆர்01இல், எளிய வரவுசெலவுப் படிவத்திலேயே ஆண்டுக்கு 2,50,000 டாலர் வரை கேட்கலாம். கல்லூரியின் தகுதி வரம்பும் அப்போது தளர்ந்தது: ஆண்டுக்கு 60 லட்சம் டாலருக்கு மேல் என்.ஐ.எச். நிதியை, கடந்த ஏழாண்டுகளில் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட ஆண்டுகளில் பெற்றிருக்கக் கூடாது. முந்தைய வரம்பு 30 லட்சம்.

இளநிலைக் கல்லூரி ஆய்வகங்களில் பழ ஈ, ஈஸ்ட், வரிக்குதிரை மீன், சீனோராப்டைடிஸ் எலிகன்ஸ் என்னும் ஒரு மில்லிமீட்டர் நீள உருளைப்புழு ஆகியவை மிகுதி. செலவு குறைவு என்பதோடு இன்னொரு பொருத்தமும் உண்டு. உருளைப்புழுவின் ஒரு தலைமுறை சுமார் மூன்று நாள். பழ ஈ 25 பாகை வெப்பத்தில் சுமார் பத்து நாள். வரிக்குதிரை மீனின் கரு கண்ணாடிபோலத் தெளிவாக, இரண்டு மூன்று நாளில் முட்டையைவிட்டு வெளிவரும். வகுப்புக்கும் தேர்வுக்கும் இடையே மாணவருக்குக் கிடைக்கும் வாரங்களுக்குள் புழு, ஈ ஆகியவற்றின் ஒரு தலைமுறையும் மீனின் கருவளர்ச்சியும் அடங்கிவிடுகின்றன. படிப்பு முடிந்து போகும் மூத்த மாணவர், ஈக்கள் வளரும் குப்பிகளை இளையவரிடம் ஒப்படைக்கிறார், திட்டம் தொடர்கிறது.

மதிப்பீடு

இளநிலையில் ஆய்வு செய்தோர் அறிவியலில் நிலைப்பது மிகுதி என்று பல கணக்கெடுப்புகள் காட்டுகின்றன. அதற்கு ஆய்வு அனுபவமே காரணமா, முன்பே நாட்டம் உள்ளவர்கள்தாம் ஆய்வகத்தை நாடிச் செல்கிறார்களா என்பது விவாதத்துக்குரியது. கிரினெல்லைச் சேர்ந்த டேவிட் லொபாட்டோவின் நன்கறியப்பட்ட ஆய்வு மாணவரின் சொந்தக் கூற்றை அடிப்படையாகக் கொண்டது. 2017இல் அமெரிக்கத் தேசிய அகாதமிகள் வெளியிட்ட அறிக்கை, பயன்களை ஏற்றுக்கொண்டே, காரணத்தை உறுதிப்படுத்தும் வலுவான சான்றுகள் இன்னும் தேவை என்றது.

அண்மை நிலை

2018–19இல் திட்டம் இரண்டாயிற்று. ஏரியா என்னும் பெயர், முதுநிலையைவிட இளநிலை மாணவர்கள் மிகுந்த கல்லூரிகளுக்கு நின்றது. மருத்துவம் முதலிய தொழிற்கல்வி நிலையங்களுக்கும் பட்டமேற்படிப்புப் பள்ளிகளுக்கும் ‘ரீப்’ என்னும் தனி நல்கை வந்தது.

ஒப்பீடு

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 1979 முதல் நடத்தும் குறுகியகால மாணவர் உதவித்தொகை வேறு வகையானது. மருத்துவ இளநிலை மாணவர் வழிகாட்டி ஒருவரின்கீழ் இரண்டு மாதம் ஆய்வு செய்கிறார். அறிக்கை ஏற்கப்பட்டபின் தொகை மாணவர் கைக்கே வருகிறது. ஏரியா ஆய்வகத்தைத் தாங்குகிறது. இது மாணவரைத் தாங்குகிறது.