வேக் கவுண்டி பள்ளிச் சேர்க்கை எல்லைச் சிக்கல்

வேக் கவுண்டி பள்ளிச் சேர்க்கை எல்லைச் சிக்கல் என்பது, எந்தப் பகுதி மாணவர் எந்தப் பொதுப் பள்ளியில் பயில வேண்டும் என்பது குறித்து ஐக்கிய அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் உள்ள வேக் கவுண்டியில் எழுந்த அரசியல் சிக்கல் ஆகும். மாநிலத் தலைநகரான ராலி இக்கவுண்டியில் அமைந்துள்ளது. 2009 முதல் 2011 வரை இச்சிக்கல் உச்சத்தில் இருந்தது.

சேர்க்கை எல்லை

அமெரிக்கப் பொதுப் பள்ளிகளில் மாணவரின் வீட்டு முகவரியே பெரும்பாலும் அவரது பள்ளியைத் தீர்மானிக்கிறது. ஒரு பள்ளிக்கு உரிய நிலப்பரப்பின் எல்லையைத் தேர்ந்தெடுக்கப்பட்ட பள்ளி வாரியம் வரையறுக்கிறது. நற்பெயர் பெற்ற பள்ளியின் எல்லைக்குள் அமைந்த வீடுகளின் விலை உயர்வாக இருப்பதால், எல்லை மாற்றம் கல்வியோடு சொத்து மதிப்பையும் பாதிக்கிறது.

பின்னணி

1974 இல் மில்லிகன் எதிர் பிராட்லி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இனக் கலப்புக்கான நீதிமன்ற ஆணைகள் பொதுவாகப் பள்ளி மாவட்ட எல்லையைக் கடக்க முடியாது எனத் தீர்ப்பளித்தது. இதனால் பல பெருநகரங்களில் நகரப் பள்ளிகளும் புறநகர்ப் பள்ளிகளும் தனித்தனியே நின்றன. வேக் கவுண்டியிலோ ராலி நகரப் பள்ளிகளும் கவுண்டிப் பள்ளிகளும் 1976 இல் ஒரே மாவட்டமாக இணைக்கப்பட்டன. எனவே நகரையும் புறநகரையும் ஒருங்கே கொண்டு எல்லை வரைவது இங்கு இயன்றது.

2000 ஆம் ஆண்டில் வாரியம் இனத்திற்கு மாற்றாகக் குடும்ப வருமானத்தை அளவுகோலாக ஏற்றது. இலவச அல்லது சலுகை விலை மதிய உணவுக்குத் தகுதியுள்ள மாணவர் எந்தப் பள்ளியிலும் 40 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது இலக்காகும்.

முரண்பாடு

மக்கள்தொகை விரைந்து பெருகியதால் புதிய பள்ளிகள் திறக்கப்பட்டு எல்லைகள் அடிக்கடி மாற்றப்பட்டன. நீண்ட பேருந்துப் பயணம், உடன்பயின்றோரைப் பிரிதல் ஆகியவற்றைப் பெற்றோர் பலர் எதிர்த்தனர். அருகமைப் பள்ளி முறை மீண்டும் வந்தால் வறுமை சில பள்ளிகளில் குவியும் என்பது கொள்கையை ஆதரித்தோரின் வாதம்.

2009 தேர்தலில் வாரியத்தின் 9 இடங்களுள் 4 இடங்களுக்கு வாக்குப்பதிவு நடைபெற்றது. நான்கிலும் கொள்கையை எதிர்த்தோர் வென்றனர். 2010 மார்ச்சில் 5க்கு 4 என்ற வாக்குகளில் வாரியம் கொள்கையைக் கைவிட்டது. அவ்வாண்டு நடந்த எதிர்ப்புப் போராட்டங்களில் குடியுரிமை இயக்கத் தலைவர் வில்லியம் பார்பர் உள்ளிட்டோர் கைது செய்யப்பட்டனர்.

பின்விளைவு

2011 தேர்தலில் பெரும்பான்மை மீண்டும் மாறியது. பெற்றோர் விருப்பத்தை முதன்மைப்படுத்திய புதிய சேர்க்கைத் திட்டம் 2012-13 கல்வியாண்டில் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் புதிய வாரியம் அடுத்த ஆண்டே முகவரி வழிச் சேர்க்கைக்குத் திரும்பியது. ஒரு சில தொகுதிகளின் வாக்குகள் ஏறத்தாழ 1,40,000 மாணவர் பயின்ற மாவட்டத்தின் கொள்கையை இருமுறை மாற்றியமையால், உள்ளாட்சித் தேர்தலின் தாக்கத்திற்கு இந்நிகழ்வு எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.