வீட்டிலேயே டைமிங் பெல்ட் மாத்துறீங்களா? முதல்ல பல்சக்கரத்தைப் பிடிங்க!

திண்டிவனம் பக்கம் மேல்சித்தாமூர் மாதிரி ஊர்ல, பழைய மாருதி 800 வச்சிருக்கிறவங்க வேப்பமரத்தடியிலேயே வண்டியைப் பிரிக்கிறது புதுசில்ல. 1983-ல் வந்த அந்த 796 சிசி, மூணு சிலிண்டர் வண்டிக்கு டைமிங் பெல்ட்தான். பெல்ட் மாத்துறது பெரிய வித்தை இல்லை. கழட்டின பிறகு சக்கரங்கள் அசையாம இருக்கணும், அதுலதான் சிக்கல்.

க்ராங்க் ரெண்டு சுத்து சுத்தினா கேம் ஒரு சுத்து சுத்தும். இந்தக் கணக்கைக் காப்பாத்துறது பெல்ட் மட்டும்தான். அதை எடுத்ததும், வால்வு ஸ்பிரிங் அழுத்தத்துல கேம் சக்கரம் 'டக்'குனு தானாவே திரும்பலாம். க்ராங்க் சக்கரத்துல 20 பல் இருந்தா, ஒரு பல் தப்பினாலே 18 டிகிரி போச்சு. பல என்ஜின்கள்ல அதிகமா தப்பினா பிஸ்டன் போய் வால்வுல இடிக்கும். வால்வு வளைஞ்சா ஹெட்டையே கழட்டணும். பெல்ட் செலவோட முடியாது.

முதல்ல பேட்டரி ஒயரைக் கழட்டிடுங்க. பழைய பெல்ட் மாட்டியிருக்கும்போதே க்ராங்க் போல்ட்டை லூஸ் பண்ணணும். டாப் கியர் போட்டு, ஒருத்தர் பிரேக்கை அழுத்திப் பிடிச்சா க்ராங்க் சுத்தாது. அப்புறம் நியூட்ரல். ஸ்பார்க் பிளக்கைக் கழட்டிட்டா கையால சுத்துறது சுலபம். என்ஜின் ஓடும் திசையிலயே ஸ்பேனரால சுத்தி, ரெண்டு சக்கரத்தோட குறிகளையும் அதுங்களுக்கான அடையாளத்துக்கு நேரா கொண்டு வாங்க. ஒயிட்னரால ஒரு கோடு போட்டு, போன்ல போட்டோவும் எடுத்து வச்சுக்கங்க. கிரீஸ் கையோட போட்டோ எடுக்கிறது கஷ்டம்தான், ஆனா அதுதான் பின்னால காப்பாத்தும்.

கேம் சக்கர போல்ட்டைக் கழட்டணும்னா தனியா ஒரு பிடி வேணும். நீளமான இரும்புப் பட்டையில ரெண்டு ஓட்டை போட்டு, சக்கரத்தோட துளைகள்ல நுழையுற மாதிரி ரெண்டு போல்ட் மாட்டினா போதும். லேத் பட்டறையில சொன்னா செஞ்சு தருவாங்க. பிளையரால பல்லைக் கவ்வுறது, ஸ்க்ரூடிரைவரை இடுக்குல சொருகுறது ரெண்டும் வேண்டாம். பல்லு சிதைஞ்சா புது பெல்ட்டையும் அறுத்துடும். சில டீசல் வண்டிகளுக்கு லாக் பின் கொடுப்பாங்க. அது நேரம் தப்பாம நிறுத்தி வைக்கத்தான். அதை நம்பி போல்ட்டை முறுக்கினா பின் ஒடியும், ஹெட்டும் உடையலாம். ரெண்டு கேம் இருக்கிற என்ஜின்ல, புது பெல்ட்டைச் சக்கரத்தோட சேர்த்துப் பிடிக்க பேப்பர் கிளிப்பே போதும். மறக்காம எடுத்துடுங்க.

மாட்டி முடிச்சதும் சாவியைத் திருப்பாதீங்க. கையால ரெண்டு முழு சுத்து சுத்துங்க. குறிகள் திரும்ப நேரா வந்தா சரி. பெல்ட் மேல போட்ட ஒயிட்னர் கோடு மட்டும் பொருந்தாது, அதுக்குப் பயப்பட வேண்டாம். நடுவுல எங்கயாவது கட்டியா இடிச்சா, பலம் காட்டாம அங்கயே நிறுத்திட்டு, பெல்ட்டைக் கழட்டி முதல்ல இருந்து குறி பாருங்க.