காயலான் கடைக்குப் போகாத இன்ஜின்கள்

ரயில் பாதையை மூடிய பனியைச் சுழலும் சக்கரத்தால் வாரி வீசலாம் என்று 1869-ல் காப்புரிமை வாங்கியவர் ஒரு பல் மருத்துவர். கனடாவின் டொராண்டோ நகரத்து ஜே. டபிள்யூ. எலியட். பல் பிடுங்குகிறவருக்குத் தண்டவாளத்தில் என்ன வேலை என்று நினைத்தார்களோ என்னவோ, ரயில்வேக்காரர்கள் அவரைச் சீந்தவில்லை. அவர்களிடம் இருந்தது முரட்டு வைத்தியம்: கூர்மூக்குக் கலப்பையின் பின்னால் பத்துப் பன்னிரண்டு இன்ஜின்களைக் கோத்து, வேகமாக வந்து பனிமேட்டில் மோதுவது. சில நேரம் பனி விலகும். சில நேரம் இன்ஜின் தடம்புரளும்.

அந்த யோசனையை 1880-களில் தூசி தட்டியவர் ஆரஞ்ச் ஜுல். ஆரஞ்ச்வில் என்ற ஊரில் மாவு மில் நடத்தியவர். உரிமை லெஸ்லி சகோதரர்கள் கைக்குப் போனது. அவர்கள் அதைச் செப்பனிட்டு விற்கத் தொடங்கினார்கள். ஜுல்லுக்கு மனசு கேட்கவில்லை. திருகாணி போன்ற இன்னொரு எந்திரத்தைச் செய்து, தன் பழைய யோசனையோடு தானே போட்டிக்கு வந்தார். தோற்றும் போனார்.

வென்ற ‘ரோட்டரி’ என்ற சுழல் கலப்பையின் வயிற்றில் முழு நீராவி இன்ஜினே இருந்தது. கொதிகலன், சிலிண்டர், பின்னால் கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டர் என எல்லாம் உண்டு. ஆனால் அத்தனை சக்தியும் முன்சக்கரத்தைச் சுழற்றவே சரியாகிவிடும். நகர வேண்டுமானால் பின்னாலிருந்து வேறு இன்ஜின்கள்தான் தள்ள வேண்டும். 1910-ல் சுவிட்சர்லாந்தின் பெர்னினா பாதைக்கு வந்தது மட்டும் தானே நடக்கும் ரகம். 1923-ல் ஜப்பானும் அமெரிக்காவிலிருந்து ரோட்டரி வரவழைத்தது.

எத்தனை பெரிய எந்திரமானாலும் பனி அதை மதிப்பதில்லை. 1952 ஜனவரியில் கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் ‘சிட்டி ஆஃப் சான் பிரான்சிஸ்கோ’ ரயில் 226 பேருடன் மூன்று நாள் சிக்கிக்கிடந்தது. மீட்கப் போன ரோட்டரிகளும் சிக்கின.

அதற்குள் நீராவிக் காலம் முடிந்துகொண்டிருந்தது. ஆண்டில் சில நாள் மட்டும் உழைக்கும் எந்திரத்துக்குப் புதுப்பணம் கொட்ட எந்த ரயில்வேக்கு மனம் வரும்? பிரிட்டனில் பழைய டெண்டர்களின் அடிச்சட்டத்தில் பனிக்கலப்பையை ஏற்றினார்கள். சியராவில் சதர்ன் பசிபிக் ரயில்வே, ரோட்டரியின் கொதிகலனைக் கழற்றி மின்மோட்டார்களை வைத்தது. மின்சாரத்துக்கு எஃப்7பி என்ற டீசல் இன்ஜின்கள் பிடிபட்டன. ஓட்டுநர் அறையே இல்லாத, துணைக்கு இழுக்கும் ரகம் அது. சக்கரங்களைச் சுழற்றும் மோட்டார்களை எடுத்துவிட்டு, டீசலையும் ஜெனரேட்டரையும் மட்டும் விட்டுவைத்தார்கள். அங்கிருந்து கேபிள் வழியே மின்சாரம் ரோட்டரிக்குப் போகும். ஒரு காலத்தில் விரைவு ரயில் இழுத்த இனம், இப்போது ஓர் அங்குலம்கூடத் தானே நகராது. ஊழியர்கள் வைத்த பெயர் ‘நத்தை’. நத்தைக்காவது கால் மாதிரி ஒன்று உண்டு! 2017-லும் இவை மலையேறின.

எனக்குப் பிடித்த கிளைக்கதை நியூயார்க் சென்ட்ரல் ரயில்வேயுடையது. 1966-ல் டான் வெட்செல் என்ற பொறியாளர், பி-36 குண்டுவீச்சு விமானத்தின் இரண்டு ஜெட் இன்ஜின்களை ஒரு பயணிகள் ரயில்பெட்டியின் கூரையில் ஏற்றி, மணிக்கு 295 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிக் காட்டினார். சோதனை முடிந்ததும் ஜெட்டுகளைத் தூக்கிப் போட மனமில்லை; பனி ஊதும் வண்டியில் பொருத்தினார்கள். இந்த வகை ஜெட் ஊதிகளிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு: கொஞ்சம் அசந்தால் பனியோடு தண்டவாளத்து ஜல்லியையும் வாரி இறைத்துவிடும். கூரை காலியான பெட்டியோ மறுபடி வழக்கம்போல் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடியது.